ரயிலுக்குப் பக்கத்தில் இருந்த காலி இடம்

என் தம்பிக்கு ஆறு வயதாகியும் பேச்சு வரவில்லை. இன்று அதற்கு ஆட்டிசம் என்று ஒரு பெயர் இருக்கிறது. அன்று நெல்லித்தோப்பில் அவன் 'பேசாத புள்ள', அவ்வளவுதான். பிரெஞ்சுக் கொடி இறங்கிய பிறகு, மாமா சமையல் வேலை பார்த்த வீட்டுத் துரை ஊருக்கு மூட்டை கட்டினார். அவர் கழித்துப்போட்ட படக்கதைப் புத்தகங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தன. எங்களுக்குப் பிரெஞ்சு ஒரு எழுத்தும் தெரியாது. ஆனால் தம்பி கட்டம் கட்டமாக விரலை நகர்த்திக்கொண்டே போவான். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்குவான்.

அதைப் பார்த்துத்தான் நானும் வரைய ஆரம்பித்தேன். குளியல் என்றாலே அலறுகிறவனுக்கு நான்கு கட்டம்: அண்டா, சொம்பு, துண்டு, கடைசியில் வேர்க்கடலை. ஒரே வாரத்தில் தானாக அண்டா பக்கம் போய் நின்றான். ஒன்பது வயதில் எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

அம்மாவுக்குப் பிரசவ நேரம் நெருங்கியது. தம்பியைக் கருவடிக்குப்பத்தில் அத்தை வீட்டில் விடவேண்டும். அவனோ வாசற்படி தாண்டினாலே தரையில் புரண்டு அழுவான். மில்லிலிருந்து வந்த அப்பா நேராக என்னிடம் வந்தார்.

"நீதாம்மா ஏதாவது வரஞ்சி குடுக்கணும்."

வரைந்தேன். அப்பாவின் சைக்கிள், பார் மீது தம்பி, அத்தை வீடு, தட்டில் சோறு.

பார்த்தான். என் விரலைப் பிடித்து, நான்காம் கட்டத்துக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தில் அழுத்தினான். மறுபடியும் அழுத்தினான். அட, இவனுக்கு ரயில் என்றால் உயிராச்சே என்று அங்கே ஒரு ரயில் போட்டுக் கொடுத்தேன். சத்தமில்லாமல் சைக்கிளில் ஏறிக்கொண்டான். வீடே என்னைக் கொண்டாடியது.

மூன்றாம் நாள் அத்தை வந்து நின்றாள்.

"புள்ள ஒரு வாய் சோறு திங்கலண்ணே. அந்தக் காயிதத்தப் புடிச்சினு வாசல்லயே ஒக்காந்துனு இருக்கான்."

அப்பாவோடு நானும் போனேன். கருவடிக்குப்பத்தில் ஏது ரயில்? இவன் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா ஊட்டியதும் இரண்டு வாய் வாங்கினான். பிறகு காகிதத்தை என்னிடம் நீட்டி, ரயிலுக்குப் பக்கத்தில் என் விரலை வைத்து அழுத்தினான்.

சோற்றுக்குப் பிறகு அவன் கேட்டது, திரும்பி வர எங்கள் வீட்டை. தங்கை பிறந்து அவனை அழைத்துவர இன்னும் இருபது நாள் இருந்தது. எங்கள் வீட்டுக் கதவை வரைந்திருந்தால் போதும். அன்று இந்த மரமண்டைக்கு அது எட்டவில்லை. ரயிலுக்கு இன்னும் இரண்டு பெட்டி சேர்த்து வரைந்து கொடுத்துவிட்டு, அப்பாவின் சைக்கிளில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன்.