தோளுக்குப் பின்னால் போன குச்சி

குச்சியை நான் வேண்டுமென்றேதான் எறிந்தேன். கை தவறவில்லை. பழக்கத்தில் போகவும் இல்லை.

நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள் நான். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மற்றதைப் பொறுக்க வேண்டாம்.

பார்வதியும் நானும் ஒரே மலைச்சரிவில், பக்கத்துப் பக்கத்து நிரையில் தேயிலைக் கொழுந்து பறித்தவர்கள். கொழுந்தை நிறுத்துக் கணக்கெழுதும் கிராணியிடம் லீவு கேட்பது, டாக்டரிடம் என் நோவைச் சொல்வது, பிரிஞ்சாங் சந்தையில் பேரம் பேசுவது... எனக்காக எல்லாம் அவள்தான் பேசினாள். நான் அவளுக்குப் பின்னால் நிற்பேன்.

அவள் மகள் கோலாலம்பூரில் இருந்தாள். அப்பன் பேச்சை மீறிக் கல்யாணம் கட்டிக்கொண்டு போனவள். "அவளைப் போய்ப் பார்த்தால் இந்த வீட்டுக்குள் வராதே" என்று பார்வதியின் புருஷன் சொல்லியிருந்தான். மகளுக்குக் குழந்தை பிறந்த பிறகும் அவன் இறங்கி வரவில்லை.

அந்த வருடம் தோட்டத்து விளையாட்டுப் போட்டியில் பெண்களுக்கும் தொடர் ஓட்டம் வைத்தார்கள். ஜெயிக்கிற டிவிஷனைக் கோலாலம்பூர் பெரிய போட்டிக்குத் துரையே பஸ்ஸில் அனுப்புவார் என்றார் கங்காணி. துரை அனுப்பினால் புருஷன் தடுக்க முடியுமா? பார்வதி அன்றே பெயர் கொடுத்தாள். என் பெயரையும் சேர்த்துக் கொடுத்தாள். என்னைக் கேட்கவில்லை.

நான் மூன்றாவது ஆள். அவள் கடைசி.

முதல் நாள் பயிற்சியில் குச்சி என் கைக்கு வந்ததும், கை தானாக உயர்ந்து தோளுக்குப் பின்னால் எறிந்துவிட்டது. முதுகில் கூடை இருப்பதாகக் கைக்கு நினைப்பு. காலமெல்லாம் கொழுந்தைக் கிள்ளிக் கிள்ளி எறிந்த கை அல்லவா...

"கூடய எங்கடி வச்சிட்டு வந்த?" என்றாள் பார்வதி.

கங்காணிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "கொழுந்தோட குச்சியயும் போடுதுலா இந்தம்மா. நிறுவையில கிராணி கழிச்சிடுவாரு."

அது அந்த ஒரு தடவைதான். பிறகு கை கற்றுக்கொண்டது. இதை நீங்கள் மறக்கக்கூடாது.

போட்டியன்று புல்லெல்லாம் பனியில் நனைந்திருந்தது. நூறு மீட்டரில் பார்வதிதான் முதல். பரிசாக வந்த போர்வையை மடித்தபடியே என் தோளில் போட்டாள். "வச்சிக்க. உனக்குத்தான் குளிரு ஆகாது."

அடுத்தது எங்கள் தொடர் ஓட்டம். அவரவர் இடத்துக்குப் போகும்போது என் காதருகே வந்தாள்.

"யாருகிட்டயும் சொல்லாத. போனா திரும்பி வரமாட்டேன்லா. மவ கூடவே இருந்துடுவேன்."

"அப்ப நானு?"

"நீ என்ன சின்னப் புள்ளயா? பேசிப் பழகு."

சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

எங்கள் ஆள்தான் முன்னால் வந்தாள். குச்சியை வாங்கினேன். ஓடினேன். தூரத்தில் பார்வதி திரும்பி நின்று, கையைப் பின்னால் நீட்டியிருந்தாள். தேயிலைக் கறை படிந்த அந்த உள்ளங்கை... அது எதற்காக விரிந்திருந்தது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அப்போது நான் நினைத்தது ஒன்றுதான். நாளைக்கு எனக்காக யார் பேசுவார்?

எறிந்தேன். பயிற்சியில் போன அதே மாதிரி, தோளுக்கு மேலே, முதுகுப் பக்கம்.

மைதானமே சிரித்தது. புல்லில் உருண்ட குச்சியை நான் குனிந்து எடுப்பதற்குள் மற்ற டிவிஷன்காரிகள் என்னைத் தாண்டிப் போய்விட்டார்கள். அப்புறம் பார்வதி என்ன ஓடியும் பயனில்லை.

கங்காணி என்னைத் திட்ட வந்தார். மூச்சு வாங்க ஓடி வந்து குறுக்கே நின்றாள் பார்வதி.

"விடுங்க கங்காணி. கொழுந்துன்னு நெனச்சிட்டா, பாவம். அவ கை அப்படி."

அன்றும் எனக்காக அவள்தான் பேசினாள்!

சாயங்காலம் பைப்படியில் முகம் கழுவிக்கொண்டே இருந்தாள். நிறுத்தவே இல்லை. பக்கத்தில் போய் நின்றேன். சொல்லியிருக்கலாம்.

அடுத்த வருடம் பெண்களுக்கு ஓட்டம் வைக்கவில்லை. மகள் குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போய்விட்டாள். புருஷன் செத்து, தடுக்க ஆளில்லாமல் போனபோது பார்வதிக்கு முட்டியும் போய்விட்டது. பேரனைக் கைப்பேசியில்தான் பார்க்கிறாள். அவனுக்குத் தமிழ் வராது. இருவரும் சிரித்துக்கொள்வார்கள். அவளுக்குப் பேச்சில்லாமல் போன இடம் அது ஒன்றுதான்.

அன்று அவள் தந்த போர்வையை நான் இன்னும் பிரிக்கவில்லை.

ஏன் அவளிடமே சொல்லவில்லை என்று கேட்பீர்கள். பார்வதிக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. அதனால்தான் எழுதுகிறேனோ... அதுவும் ஒரு ஒளிவுதானோ?

போன மாதம் கம்போங் ராஜாவில் ஒரு கல்யாணம். சாப்பாட்டுப் பந்தியில் யாரோ, "அத்த, அந்தக் குச்சிக் கதய சொல்லுங்க" என்றார்கள். பார்வதி சொன்னாள். எப்போதும் போல நன்றாகச் சொன்னாள். முடிக்கும்போது என் பக்கம் திரும்பினாள்.

"எந்திரிச்சி செஞ்சி காட்டுடி."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எழுந்தேன். கையை உயர்த்தி, தோளுக்குப் பின்னால் எறிந்து காட்டினேன்.

எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவள் பார்வதிதான்.