பிள்ளையார் படத்துக்குப் பின்னால் இரண்டு ரிக்கெற்

அந்த லொத்தர் ரிக்கெற்றின் மூலையில் இருந்த குங்குமத்தை அண்ணை பார்த்தாரா, இல்லையா? எனக்கு இன்றுவரை தெரியாது. பார்த்திருந்தால் அவர் அன்று சொன்னதற்கு ஓர் அர்த்தம். பார்க்காவிட்டால் வேறோர் அர்த்தம். எப்படிப் பார்த்தாலும் என் பக்கம் நன்றாக இல்லை.

2012இல் நாங்கள் மெல்பேர்ணின் டண்டினொங் பகுதியில் மூன்று அறைகள் கொண்ட வாடகை வீடு ஒன்றில் இருந்தோம். கணவருக்கு ஒரு பண்டகசாலையில் வேலை. மகளுக்கு இரண்டரை வயது. மூன்றாவது அறையில் அண்ணை இருந்தார். என் சொந்த அண்ணன் அல்ல. கணவரின் ஊர்க்காரர். படகில் வந்து, தடுப்பு முகாமில் இருந்து வெளியே விடப்பட்டு, தற்காலிக விசாவில் கோழி வெட்டும் தொழிற்சாலைக்குப் போய்வந்துகொண்டிருந்தார். மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் ஊரில். நல்ல மனுசன் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். ஆனால் அவர் வந்த அன்றே என் நகைப்பெட்டியை இடம் மாற்றி வைத்தேன். பிறகு அது மனதை அரிக்க, அந்தக் கிழமை முழுவதும் அவருக்கு மீன் பொரித்துக் கொடுத்தேன்.

அந்த வருடம் லொத்தரின் பெரிய பரிசு யாருக்கும் விழாமல் வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டே போனது. ரயிலிலும் மருத்துவரின் காத்திருப்பு அறையிலும் அதே பேச்சு. ஒரு செவ்வாய்க்கிழமை அண்ணை ஒரு ரிக்கெற்றுக்கான காசைக் கணவரிடம் நீட்டினார்.

"எனக்கும் ஒண்டு எடும் தம்பி. ஆனா உம்மட கார்ட்டிலையே போடும். என்ர பேர் வேண்டாம்."

"ஏன் அண்ணை?"

"விழுந்தா இமிக்கிரேஷன் கூப்பிட்டு, காசு எங்காலை எண்டு கேக்கும்."

நான் குசினியில் இருந்து சொன்னேன்: "லொத்தர் எண்டு சொல்லலாம்தானே அண்ணை."

"நாங்கள் சொல்லுறதை அவை எப்ப தங்கச்சி நம்பினவை?"

கணவர் லொத்தர் கடையில் தன் பெயரில் இருந்த அங்கத்தவர் அட்டையிலேயே இரண்டு ரிக்கெற் எடுத்துவந்தார். எண்களை இயந்திரமே போட்டிருந்தது. "நான் எண் சொன்னா விழாது" என்று அண்ணை முன்பே சொல்லியிருந்தார். கணவர் வலது கையில் ஒன்றும் இடது கையில் ஒன்றுமாக, "இது அண்ணையின்ர, இது எங்கட" என்றார். அண்ணை தன்னுடையதை வாங்கிக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு எங்கள் சனம் செய்கிற வேலையைச் செய்தார்கள். சின்னப்பிள்ளையின் கை ராசி என்று, இரண்டையும் மகளின் கையில் கொடுத்துச் சாமித்தட்டில் வைக்கச் சொன்னார்கள். அவள் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக் கசக்கி, வாயிலும் ஒருமுறை வைத்துப் பார்த்துவிட்டு, பிள்ளையார் படத்துக்குப் பின்னால் செருகினாள். இரண்டு பேரும் கை தட்டினார்கள்.

எது யாருடையது என்ற கேள்வி எனக்கு மட்டும்தான் வந்தது. அதைக் கேட்பதற்குள் அவர்கள் கதிரைகளை இழுத்துப் போட்டுக்கொண்டு, இன்னும் விழாத பரிசைச் செலவழிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

கணவர் பொயிண்ட் குக் என்ற புறநகரில் மாடிவீடு கட்டினார். மீன் பொரிப்பதற்கென்று வெளியே ஒரு தனிக் குசினி. அம்மாவுக்கு ஒரு வீடு, தங்கச்சிமாருக்கு ஆளுக்கொரு வீடு, படித்த பள்ளிக்கூடத்துக்கு ஒரு மண்டபம். "வேலையை விடமுதல் மனேஜரைக் கூப்பிட்டு ஒரு கொத்துரொட்டி குடுத்துத்தான் விடுவன்."

"எனக்கு?" என்று கேட்டேன்.

"நீர்தானே எல்லாத்துக்கும் முதலாளி" என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. அவ்வளவு நீளமான பட்டியலில் நான் கேட்ட பிறகுதான் வந்தேன். அந்தப் பணம் வந்தால் இவர் இதே ஆளாக இருப்பாரா என்று முதன்முதலாக யோசித்தேன். என்னைக் கேட்டபோது, "கோயிலுக்கு ஏதும் செய்வம்" என்றேன். அது பொய். என் பெயரில் மட்டும் ஒரு வங்கிக் கணக்கு, அதன் கடவுச்சொல் வேறு யாருக்கும் தெரியாமல், என்றுதான் மனதில் வந்தது. வந்த வேகத்தைப் பார்த்து எனக்கே பயமாக இருந்தது.

அண்ணைதான் கடைசி. "நான் ஒருத்தருக்கும் சொல்லன். அடுத்த நாளும் கோழி வெட்டப் போவன்."

"வீட்டுக்காரிக்குமோ?" கணவருக்கு வாய் மூட முடியவில்லை.

"முதல் மாசம் அவவுக்கும் சொல்லன். காசு வந்தா ஆர் என்னமாதிரி மாறுகினம் எண்டு பாத்துக்கொண்டு இருப்பன்."

கணவர் மேசையில் தட்டிச் சிரித்தார். இந்த வீட்டில் இருந்துகொண்டு இவர் எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரா? அப்போதுதான் கேட்டேன்: "சரி, விழுந்தா அது ஆற்றை ரிக்கெற் எண்டு எப்பிடித் தெரியும்? பிள்ளை ரெண்டையும் கலந்திட்டாள்."

"இவவுக்கு எல்லாத்திலையும் விசாரணை" என்றார் கணவர்.

"விழட்டும் தங்கச்சி. பிறகு பாப்பம்" என்றார் அண்ணை.

அந்தப் 'பிறகு பாப்பம்' எனக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவு பணம் வந்த பிறகு பார்க்க என்ன இருக்கிறது? ரிக்கெற் கணவரின் பெயரில். அண்ணையால் எங்கும் போய் முறையிட முடியாது. அது அவருக்கும் தெரியும், கணவருக்கும் தெரியும். ஆனால் இரண்டு பேருமே தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

புதன்கிழமை காலை அவர்கள் வேலைக்குப் போனதும், மகளைத் தொலைக்காட்சிக்கு முன்னால் இருத்திவிட்டுச் சாமித்தட்டுக்குப் போனேன். கண்ணை மூடிக்கொண்டு இரண்டில் ஒன்றை இழுத்தேன். அதன் மூலையில் கொஞ்சம் குங்குமம் தொட்டு வைத்தேன். இது அண்ணையுடையது. விழுந்தால் இந்தக் குறியின்படி சொல்வேன். பணம் வருவதற்கு முன்பே, யாருக்கும் ஆசை வருவதற்கு முன்பே, சாமிக்கு முன்னால் பிரித்தாயிற்று. அன்று முழுவதும் நான் மிக நேர்மையானவள் என்ற நினைப்போடு இருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவர்களை நம்பவில்லை என்றாகிவிடும்.

வியாழக்கிழமை விளக்கு வைக்கப் போனபோது பிள்ளையார் படம் கொஞ்சம் சரிந்திருந்தது. மகளுக்கு அந்த உயரம் எட்டாது. கணவரைக் கேட்டேன். தான் தொடவே இல்லை என்றார். அண்ணையைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

சனிக்கிழமை மூன்று பேரும் வீட்டில் இருந்தபோது கணவர் லொத்தர் முடிவு பார்க்க மடிக்கணினியைத் திறந்தார். நான் இரண்டு ரிக்கெற்றையும் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். பெரிய பரிசு எங்களுக்கு இல்லை. மாடிவீடு, மண்டபம், கொத்துரொட்டி எல்லாம் அரை நிமிடத்தில் போயின. ஆனால் ஒன்றுக்குச் சின்னப் பரிசு ஒன்று விழுந்திருந்தது. நானூறு டொலரும் கொஞ்சச் சில்லறையும். கணவர் அதைத் தூக்கி ஆட்டினார். மூலையில் சிவப்பு.

நான் வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் அண்ணை அதை வாங்கிப் பார்த்தார். அவருடைய பெருவிரல் அந்த மூலையில் இருந்தது.

"இது உங்கடதான் தம்பி. என்ரயிலை முதல் எண் மூண்டு, எனக்கு நல்ல ஞாபகம். பிள்ளைக்குக் குளிருக்கு ஒரு நல்ல ஜக்கெற் எடுங்கோ."

"சீ, என்ன அண்ணை, பாதிப் பாதியாய் எடுப்பம்."

"விசர்க்கதை கதையாதையும். உங்கட எண்டா உங்கட."

பிறகு என்னைப் பார்த்தார். "என்ன தங்கச்சி, சரிதானே?"

நான், "ஓம் அண்ணை" என்றேன்.

அவ்வளவுதான். ஒரே ஒரு 'ஓம்'. அவருக்குத்தான் அது தெரியுமே, நான் ஏன் குறுக்கே பேசவேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கணவர் காசு எடுக்கப் போய்விட்டார், அண்ணை குளிக்கப் போய்விட்டார். நான், கணவர் குப்பைக்கூடையில் கசக்கிப் போட்ட மற்ற ரிக்கெற்றை எடுத்துப் பிரித்தேன். அண்ணையின் கணக்குப்படி அதுதான் அவருடையது. அதில் முதல் எண் பதினொன்று. மூன்று அதில் எங்குமே இல்லை.

அவருக்கு உண்மையாகவே எண் மறந்து போயிருக்கலாம். வாடகைக்கு இருக்கிற வீட்டில் மனத்தாங்கல் வேண்டாம் என்று வேண்டுமென்றே பொய் சொல்லியிருக்கலாம். அல்லது வியாழக்கிழமை படத்தை எடுத்துக் குறியைப் பார்த்து, அதை வைத்தது யார் என்று விளங்கிக்கொண்டு, நான் என்ன சொல்கிறேன் என்று பார்த்திருக்கலாம். மூன்றாவதைத்தான் நான் அதிகம் நம்புகிறேன். மற்றவர்களைப் பற்றி மோசமானதையே முதலில் நம்புகிற பழக்கம் எனக்கு உண்டு. ஆனால் அவர் அப்படிச் சோதித்திருந்தால், தோற்றது நான்தான்.

ஜக்கெற் வாங்கினோம். ஊதா நிறம். மகள் அதைப் போடும்போதெல்லாம் அண்ணை, "வடிவாய் இருக்கு" என்பார். அவர் குரலில் ஏதாவது இருக்கிறதா என்று நான் காது கொடுத்துக் கேட்பேன். எதுவும் இருந்ததில்லை.

அடுத்த வருடம் அவர் வேலை தேடிச் சிட்னிக்குப் போய்விட்டார். மாதம் ஒருமுறை தொலைபேசியில் பேசுவார். கணவரோடு பேசிவிட்டு என்னிடமும் கேட்பார்: "எப்பிடித் தங்கச்சி, பிள்ளையார் படம் அந்த இடத்திலைதானோ?" சாதாரண விசாரிப்பாகவும் இருக்கலாம். ஒவ்வொரு முறையும் நான் பேச்சை மகளின் படிப்புக்கு மாற்றிவிடுவேன்.

வருகிற மாதம் அவர் மெல்பேர்ணுக்கு வருகிறார். எங்கள் வீட்டில்தான் தங்குவார். நானூறு டொலரை ஓர் உறையில் போட்டு வைத்திருக்கிறேன். கணவருக்குத் தெரியாது. கொடுத்தால் குங்குமத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். அதைச் சொன்னால் அன்று அவர்கள் இருவரையும் நான் நம்பவில்லை என்பதையும் சொல்லவேண்டும். கொடுக்காவிட்டால் இன்னொரு 'ஓம்' சொன்னதாகிவிடும். நானூறு டொலருக்கு வாய் மூடியவள் கோடிக்கு என்ன செய்திருப்பாள் என்று உங்களைக் கேட்கமாட்டேன். அதை நான்தான் யோசிக்கவேண்டும். இதை மட்டும் சொல்லுங்கள்: அந்த உறையை நான் அவரிடம் கொடுக்கவேண்டுமா? கொடுப்பதென்றால் முதல் வசனமாக எதைச் சொல்வது? இப்படி ஒரு நிலையில் இருந்தவர்கள் யாராவது இருந்தால், அவர் வருவதற்கு முன்பே எழுதுங்கள்.