கடைமடைக்கு ஏறிய தண்ணீர்

எழுபத்திரண்டோ மூன்றோ, வருஷம் சரியாக ஞாபகமில்லை. தறியில் உட்கார்ந்திருந்தபடியே எங்கள் வீட்டுக்காரருக்கு வலது கை விழுந்துவிட்டது. வாய் கோணி, பேச்சும் நின்றுபோனது. ரிக்‌ஷாவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

அங்கே ஒரு சின்ன டாக்டர். வராண்டா மூலையில் குளுக்கோஸ் பாட்டிலைத் தொங்கவிட்டு, ரப்பர் குழாய்களை வேர் மாதிரிப் பிரித்துவிட்டிருப்பார். நேரம் கிடைத்தால் அங்கேதான், குழாயில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு. நர்சம்மாக்கள் ‘குழாய்க்காரர்’ என்று பேர் வைத்திருந்தார்கள்.

என் மாமியார் தலையணைகளை அடுக்கி மகனைச் சாய்த்து உட்கார வைத்தார். படுத்தே கிடந்தால் வாதம் ஏறிவிடும் என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் புறா ரத்தம் தேய்த்தால் கை எழும் என்று ஐயம்பேட்டையிலிருந்து புறாவையும் வாங்கியாயிற்று. கட்டிலுக்கு அடியில் கூடையில் அது குனுகிக்கொண்டிருந்தது.

டாக்டர் வந்து தலையணைகளை எடுத்துவிட்டார். மாமியார் சண்டைக்கு நின்றதும் எங்கள் இருவரையும் வராண்டாவுக்குக் கூட்டிப்போனார். ஒரு குழாயைக் கிள்ளிப் பிடித்தார். பக்கத்துக் குழாய் வழியாகத் தண்ணீர் சுற்றிவந்து நுனியில் மெள்ளச் சொட்டியது. பாட்டிலைக் கொஞ்சம் இறக்கினார். அந்த நுனியில்தான் சொட்டு முதலில் நின்றது.

“மூளைக்குப் போற குழாய்ல ஒண்ணு அடைச்சுக்கினு இருக்குது. செத்துப்போன இடத்தைச் சுத்தி, சாகாம வாடிக் கிடக்கிற இடமும் இருக்கும். தலைய உயர்த்தினாலும், பிரஷர அவசரமா இறக்கினாலும், அதுவும் போயிடும்னு நினைக்கிறேன்.”

நான் பிறந்தது மாகறல் பக்கம், ஏரிப் பாசனம். மதகில் தண்ணீர் மட்டம் இறங்கினால் முதலில் காய்வது கடைமடைதானே. எனக்குச் சட்டென்று பிடிபட்டது. நினைக்கிறேன் என்றாரே தவிர, தெரியும் என்று சொல்லவில்லை. அதுவே எனக்கு நம்பிக்கையாக இருந்தது.

பிரஷரை இறக்குகிற மருந்தை நிறுத்தி, ரெண்டு நாள் மட்டமாகப் படுக்கவைத்துப் பார்க்கலாமா என்று என்னைக் கேட்டார். தலையாட்டினேன்.

“வாயால சொல்லும்மா. உன் வூட்டுக்காரரு.”

மாமியார் எதிரில் வேற்று ஆம்பளையிடம் நான் பேசியதே இல்லை. “படுத்தே இருக்கட்டும்” என்றேன்.

மாமியார் என்னை மேலும் கீழும் பார்த்தார். “அவனுக்குப் பேச்சு வரணும்னு வேண்டிக்கினேன். உனக்கு வந்துடுச்சா?”

ஆனாலும் தலையணையை அவர் தொடவில்லை. டாக்டர் அடிக்கடி வந்து பிரஷர் பார்த்துவிட்டுப் போனார். மூன்றாம் நாள் காலை, முகம் துடைக்கக் குனிந்த மாமியாரிடம் இவர் குழறினார்.

“முதுகு வலிக்குதும்மா.”

மாமியார் அழுதுவிட்டார். டாக்டர் முகம் மலர்ந்தது. உடனே அடக்கிக்கொண்டார்.

“ஒருத்தரு பேசிட்டா என் எண்ணம் சரின்னு ஆயிடாதும்மா. தானாகூடத் தேறியிருக்கலாம். இன்னும் நிறைய பேரைப் பார்க்கணும்.”

அப்படி ஒருவர் சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

கை பாதிதான் எழுந்தது. வீட்டுக்குக் கிளம்பும்போது மாமியார் கையில் புறாக் கூடையைப் பார்த்து டாக்டர் சிரித்தார். கோபப்படவில்லை.

“தேய்ச்சா, என்ன ஆச்சுன்னு மறைக்காம வந்து சொல்லணும் எனக்கு.”

மாமியார் ஆஸ்பத்திரி வாசலில் நின்று கூடையைத் திறந்து புறாவைப் பறக்கவிட்டார்.