சம்பந்தி வீட்டுச் செருப்பு

கனடாவில் வேலை பார்க்கும் என் மகன் போன வருடம் அங்கேயே கல்யாணம் செய்துகொண்டான். பெண் கிரீ என்னும் அந்த நாட்டுப் பழங்குடியைச் சேர்ந்தவள். எங்களுக்கு விசா கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் என் மனைவி வந்திருக்க மாட்டாள். போனில் மருமகள் முகம் தெரிந்தாலே, அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று எழுந்து போய்விடுவாள். அப்படிப் பார்த்தால் எங்கள் வீட்டில் தினமும் குழம்பு தீய்ந்திருக்க வேண்டும். இருவரும் ஒரு வார்த்தையாவது பேசிக்கொள்ள மாட்டார்களா என்று நான்தான் ஏங்கிக்கொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில் பார்சல் வந்தது. சம்பந்தியம்மா தன் கையால் தைத்து எனக்கு அனுப்பிய சீர். மான் தோலில் தைத்த, காலை மூடும் மெத்தென்ற செருப்பு. மேலே சிவப்பும் மஞ்சளுமாகப் பூ வேலைப்பாடு. காலமெல்லாம் பீங்கான் பட்டறையில் கோப்பைக்குப் பூ வரைந்தவன் நான், ஆசையாக இருந்தது. அந்தப் பூ எதில் செய்தது என்று ஸ்பீக்கரில் மகனிடம் கேட்டதுதான் தப்பாகப் போயிற்று. முள்ளம்பன்றி முள்ளாம். சாயம் ஏற்றி, தட்டையாக்கித் தைப்பார்களாம்.

"முள்ளம்பன்றி முள்ளா! வூட்டுக்குள்ள வரவே கூடாது!" என்றாள் மனைவி. அந்த முள் இருக்கும் வீட்டில் சண்டை ஓயாது என்பது எங்கள் பக்கம் பச்சைக் குழந்தைக்கும் தெரியும்.

திட்டக்குடியிலிருந்து என் அக்கா பஸ் பிடித்து வந்து இறங்கினாள். பஞ்சாயத்து என்றால் அக்காவுக்கு முழங்கால் வலி பறந்துவிடும். "சீருன்னு செருப்ப அனுப்பியிருக்காங்க. அதுலயும் முள்ளு. இதுக்கு மேல என்னத்த சொல்லணும்?" என்றாள். திருப்பி அனுப்பு என்றாள் மனைவி. முடியாது என்றேன் நான். மூன்று பேரும் தொண்டை வறளக் கத்தினோம். முள் வேலை செய்கிறது என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும் என்று அக்கா பெருமையோடு கேட்டாள்.

தீர்ப்பும் அவளே சொன்னாள். வாசல் கேட்டில் கட்டிவிட்டால் சண்டை உள்ளே வராது, திருஷ்டிக்கும் ஆச்சு. புது வீட்டில் பழஞ்செருப்பைத் தொங்கவிடுவது போல என் சீரைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் சோறு போடுகிறவளை எதிர்க்கும் தைரியம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகன் வீடியோவில் வந்தான். "போட்டுக் காட்டுங்கப்பா, அவ பாக்கணுமாம்."

கேட்டிலிருந்து அவிழ்த்து, தூசி தட்டி, வாசற்படியில் உட்கார்ந்து மாட்டிக்கொண்டேன். வெயில் மண்டையைப் பிளந்தது.

"ஏன் வெளிய உக்காந்திருக்கீங்க?"

"காத்து வாங்குறேன்டா."

மருமகள் என் காலைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு விரல் நீளத்தில் இன்னொரு ஜோடியை எடுத்துக் காட்டினாள். "பொறக்கப் போற குழந்தைக்குப்பா. அவ அம்மா தச்சது" என்றான் மகன். என் கண் கலங்கிவிட்டது. ஜன்னலுக்குப் பின்னால் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த மனைவி ஓடிவந்து போனைப் பிடுங்கினாள்.

"அடியில என்னடா ஓட்டை?" பேரப்பிள்ளை வரப்போகிற சந்தோஷத்திலும் அவள் கண்ணுக்குப் பட்டது சம்பந்தி வீட்டுக் குறைதான்.

மகன் தன் மனைவியைக் கேட்டுச் சொன்னான். கைக்குழந்தையின் செருப்பில் வேண்டுமென்றே ஓட்டை போடுவார்களாம். ஆவி ஏதாவது வந்து தன்னோடு கூப்பிட்டால், 'செருப்பு ஓட்டை, அவ்வளவு தூரம் என்னால நடக்க முடியாது' என்று குழந்தை சொல்லிவிடுமாம்.

என் மனைவி போனை முகத்தருகே கொண்டுபோய், மகனை விட்டுவிட்டு, மருமகளிடமே தமிழில் சொன்னாள்:

"ஓட்டையும் இருக்கட்டும் கண்ணு. கன்னத்துல ஒரு மையும் வச்சுடு."