டிரம்பெட்காரர் உதடு

பெங்களூர் விவேக் நகரில் ஞானசேகரனின் ஆட்டோவைத் தெரியாதவர்கள்கூட அவருடைய டிரம்பெட்டைத் தெரிந்து வைத்திருப்பார்கள். கல்யாணமோ தேர்த்திருவிழாவோ சாவோ, பேண்டில் முன்வரிசையில் அவர்தான். மற்ற நாளில் ஆட்டோ ஓட்டுவார். மனிதர் தங்கம்தான், பிடிவாதம் மட்டும் கொஞ்சம் கூட.

ஜனவரியில் மகள் இளவேனிலுக்குக் கல்யாணம். பெண்ணைக் கைபிடித்து சர்ச்சுக்குள் அழைத்துப் போவது அப்பாவின் உரிமை. ஆனால் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரே ஆசை. மாமா கைபிடித்து அழைத்து வரட்டும், அப்பா டிரம்பெட் வாசிக்க வேண்டும். அவருக்கும் அதைவிடப் பெரிய உரிமை எதுவும் வேண்டியிருக்கவில்லை.

டிசம்பர் கடைசியில் பெங்களூர்க் குளிர் அவருடைய கீழுதட்டை நடுவில் பிளந்துவிட்டது. மவுத்பீஸை வைத்து ஊதினால் ரத்தம் வந்தது. பேண்டில் டிரம் அடிக்கும் சந்திரன் தலைவலித் தைலம் பூசச் சொன்னார். பூசியதும் சுரீரென்று எரிந்தது. எரிந்தால் மருந்து வேலை செய்கிறது என்பது ஞானசேகரனின் சித்தாந்தம். காலையும் மாலையும் பூசினார், உரிந்த தோலைப் பல்லால் கடித்து இழுத்தார். புண் பெரிதானதுதான் மிச்சம். மகளுக்குத் தெரியாமல் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு திரிந்தார். உள்ளுக்குள் பயந்து போயிருந்தார், பாவம்.

ஒருநாள் மனைவி லவினா கல்யாணத் துணி எடுக்க அவருடைய ஆட்டோவிலேயே சிவாஜிநகர் போனாள். பின்சீட்டில் இருந்தபடி முன்கண்ணாடியில் அவர் முகத்தையே பார்த்து வந்தாள். ஒவ்வொரு சிக்னலிலும் நாக்கு வெளியே வந்து உதட்டை நனைத்துவிட்டு உள்ளே போயிற்று. ஊதுவதற்கு முன் உதட்டை நனைத்துக்கொள்வது பேண்டுக்காரர்கள் வழக்கம். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். இவருக்கு டிரம்பெட் வீட்டில் கிடந்தாலும் நாக்கு டூட்டியில் இருந்தது. நனைந்த உதட்டை ஆட்டோக் காற்று காயவைக்க, காய்ந்ததை அவர் மறுபடி நனைக்க, புண் எப்படி ஆறும்?

"குளிரைச் சும்னே திட்டாதீங்க. உதட்டைப் பிளக்குறது உங்க நாக்கு," என்றாள் லவினா, கன்னடம் கலந்து.

அன்றே தைலம் குப்பைக்குப் போனது. குளிரில் உறைந்த தேங்காய் எண்ணெயை ஹேர்பின்னால் சுரண்டி, படுக்கும்முன் அவளே பூசிவிட்டாள். ஆட்டோ ஓட்டும்போது வாயை மறைத்து மஃப்ளர். குளிரில் தாகமே எடுக்கவில்லை என்று அவர் சொன்னாலும் கேட்காமல் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். நாக்கு எட்டிப் பார்த்தால் ஒரு செருமல். சோறு வடிக்கும்போதும் ஜெபம் சொல்லும்போதும் அவள் கண் அவர் வாய்மேல்தான். புருஷனும் பிள்ளைபோல நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டார். கல்யாணத்துக்குள் உதடு வெண்ணெயாகிவிட்டது.

கல்யாணத்தன்று சர்ச் வாசலுக்குப் பக்கத்திலேயே டிரம்பெட்டோடு நின்றார். எண்ணெய் வழுக்கக் கூடாதென்று லவினா அவர் உதட்டைத் துடைத்துவிட்டு எதிரே நின்றுகொண்டாள். கதவு திறந்தது. வெள்ளைப் பட்டுப் புடவையில் இளவேனில், மாமாவின் கையைப் பிடித்தபடி.

ஞானசேகரன் டிரம்பெட்டைத் தூக்கினார். வெறும் காற்றுதான் வந்தது. மறுபடி ஊதினார். அப்போதும் காற்றுதான். ஆறிய உதடு கிடுகிடுவென்று நடுங்கியது. அதற்கு எந்த எண்ணெயைப் பூசுவது? சர்ச்சே திரும்பிப் பார்த்தது. மாமா ஒரு எட்டு வைத்தார். இளவேனில் அவர் கையை இழுத்து நிறுத்தினாள்.

"மெதுவா வாசிப்பா," என்றாள். "நீ வாசிக்கிற வரைக்கும் நான் இங்கயே நிக்கிறேன்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பழக்கதோஷம், நாக்கு வெளியே வந்து உதட்டை நன்றாக நனைத்தது. லவினா பார்த்தாள். செருமவில்லை.

முதல் சுரம் வந்தது. இளவேனில் நடந்தாள்.