தேன் அதிகமாகிப்போன கல்

என் வீட்டுக்காரர் பெயர் கிரினி, மண்ணில் செங்கல் அறுக்கிறவர். இந்த ஊரில் பாதிச் சுவர் அவர் அறுத்த கல்தான். பெருமைக்குச் சொல்லவில்லை, பூச்சு உதிர்ந்த சுவர் எதையாவது போய்ப் பாருங்கள். கல்லின் முதுகில் ஒரு பெருவிரல் குழி இருக்கும். அச்சில் மண்ணைத் திணித்து முடித்ததும் அறுக்கிறவர் விரலால் ஓர் அழுத்து அழுத்துவார், யார் அறுத்தது என்று தெரிய. மற்றவர்கள் குழி நேராக இருக்கும். இவருடையது இடப்பக்கம் கோணியிருக்கும். சின்ன வயதில் மண்வெட்டி பட்டுக் கோணிப்போன விரல். அந்த விரலைப் பார்த்துத்தான் என் அம்மா இவரை வேண்டாம் என்றாள். நான்தான் பிடிவாதமாகக் கட்டிக்கொண்டேன்.

அடுத்த வீட்டில் சுபூர் இருந்தான். ஆமாம், அதே சுபூர்தான். நீங்கள் அரசர் என்று சொல்லிக் குனிந்த ஆள். எனக்கு 'அவன்' என்றுதான் வாயில் வரும். இவரும் அவனும் ஒரே குழியில் மண் மிதித்தவர்கள். மிதிப்பதில் சுபூர் புலி. அறுக்க விட்டால் போச்சு.

"இது கல்லாடா? கழுதை உட்கார்ந்து எழுந்த மாதிரி இருக்கு!" என்று இவர் கத்துவார்.

"உன் விரலு கோணல், என் கல்லு கோணல். சரியாப்போச்சு விடுண்ணே" என்பான் அவன்.

வெயில் தாழ்ந்ததும் எங்கள் வாசலில் பீர்க் குடத்தை நடுவில் வைத்து, மூன்று நாணல் குழல்களைப் போட்டு, மூன்று பேரும் உறிஞ்சுவோம். அவன் நாணல் மட்டும் எப்படியோ அடிவரைக்கும் போகும். மீன் சுட்டால் போதும், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரும். "அண்ணி, எனக்குப் பசியெல்லாம் இல்ல. வாசனை நல்லா இருக்குன்னு சும்மா சொன்னேன்."

பிறகு மேல்கரை ஊர்க்காரர்கள் வாய்க்காலை அடைத்தார்கள். வாற்கோதுமை கதிர் விடுகிற நேரம். ஊர்ச்சபை கூடி, சண்டைக்கு ஒரு தலைவன் வேண்டும், அறுவடை வரைக்கும் இருந்தால் போதும் என்றது. குரல் பெரிதாக இருந்ததால் சுபூரைப் பிடித்தார்கள். போனான், அணையை உடைத்தான். தண்ணீர் வந்த அன்று நாங்கள் பெண்கள் எல்லோரும் வாய்க்காலில் இறங்கி நின்று அழுதோம். அவன் செய்தது பெரிய காரியம்தான், அதை நான் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அறுவடை முடிந்தது. மேல்கரைக்காரன் மறுபடி வருவான், அடுத்த அறுவடை வரைக்கும் இருக்கட்டும் என்றார்கள். அதற்கடுத்த வருஷம் யாரும் கேட்கவே இல்லை. அவனுக்குப் பெரிய வீடு எழும்பியது. வாசலில் ஈட்டியோடு நான்கு பேர். ஒருநாள் மீன் சுட்டு எடுத்துக்கொண்டு போனேன்.

"யாரும்மா நீ?" என்றான் ஒரு ஈட்டிக்காரன்.

"அவனோட அண்ணின்னு சொல்லு."

"யாரை 'அவன்'ங்கிற?"

திரும்பி வந்து அந்த மீனை நாங்களே தின்றோம். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இவர்தான், "அவனுக்குத் தெரிஞ்சிருக்காதுடி" என்று சமாதானம் சொன்னார்.

இனன்னா தேவிக்குப் புதுக் கோயில் கட்டுவது என்று முடிவானது. கோயில் என்றால் முதல் கல்லை ஆள்கிறவன்தான் தன் கையால் அறுக்க வேண்டும். ஏழு நாள் அச்சோடு பாய் மூடிக் காயவேண்டும். வெயிலைப் பார்த்துப் பாயை ஒதுக்க, கல் அறுக்கிறவர் ஒருவர் மட்டும் தினம் ஒருமுறை உள்ளே போகலாம். ஏழாம் நாள் அச்சை எடுக்கும்போது கல் முழுசாக வந்தால் தேவி அவனை ஏற்றுக்கொண்டாள். உடைந்தால், அவன் இறங்க வேண்டும், சபை வேறு ஆளைப் பார்க்கும். அரண்மனை மேலாள் அதோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொன்னான். கல் உடைந்தால் காவல் இருந்த கல் அறுக்கிறவனின் கையும் போகும். அந்தக் கல் அறுக்கிறவர் என் வீட்டுக்காரர்.

முதல் கல்லுக்கு மண்ணில் தேனும் நெய்யும் சேர்ப்பது வழக்கம், ஒரு கரண்டி. பக்கத்து ஊர்ப் பெரியவர்கள் எல்லோரும் வந்து நின்றார்கள் அல்லவா, சுபூர் ஒரு குடம் தேனைத் தூக்கி அப்படியே கவிழ்த்தான். கூட்டம் ஆர்ப்பரித்தது. இவர் வாயைத் திறந்தார். மேலாள் திரும்பி ஒரு பார்வை பார்த்தான். இவர் வாயை மூடிக்கொண்டார். அந்த மண்ணிலேயே சுபூர் கல்லை அறுத்தான். மண் மிதித்தே வளர்ந்தவனுக்கு, தேன் கூடினால் கல் நிற்காது என்பது கூடவா மறந்துபோகும்?

மூன்றாம் நாள் உச்சி வெயிலில் இவர் கூடையோடு வீட்டுக்கு வந்தார். வைக்கோலை விலக்கினால் உள்ளே ஒரு கல், இரண்டு துண்டாக.

"ஏங்க, என்ன இது?"

"சுபூரு கல்லு."

"ஐயையோ!"

"கத்தாதடி. அதே அச்சுல வேற ஒண்ணு அறுத்து வச்சிட்டு வந்துட்டேன். அடிக்கிற வெயிலுக்கு நாலு நாள்ல காஞ்சிடும்."

"சாமி விஷயம்ங்க..."

"சாமி என்ன பண்ணும்? ஒரு குடம் தேனை ஊத்தினா எந்த மண்ணுதான் பிடிக்கும்?"

துண்டுகளை எங்கே ஒளிப்பது? பழைய அடுப்புக் கற்களில் இரண்டைத் தூக்கி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் இவற்றை வைத்துப் பானையை ஏற்றினேன். அடுப்பை யார் வந்து குனிந்து பார்க்கப்போகிறார்கள்? இவர் சாப்பிட உட்கார்ந்தார். ரொட்டியைப் பிய்க்கப் போனவர் தன் பெருவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடியே, விரலை வச்சிட்டேன்டி."

"எங்க?"

"புதுக் கல்லுல. பழக்கத்துல அழுத்திட்டேன்."

மறுநாள் உள்ளே போவதற்குள் முதுகு இறுகிவிட்டது. நனைத்து அழித்தால் விரிசல் விடும். அந்த நான்கு நாளும் அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். வேறென்ன செய்ய?

ஏழாம் நாள் ஊரே திரண்டிருந்தது. பெண்கள் வரிசையில் நான் முன்னால் நின்றேன். சுபூர் குனிந்து அச்சைத் தூக்கினான். கல் முழுசாக நின்றது. "தேவி ஏத்துக்கிட்டா!" என்று ஜனம் அலறியது. சுபூர் நிமிரவில்லை. கல்லின் முதுகையே பார்த்தான். பிறகு மெல்ல என் வீட்டுக்காரரைப் பார்த்தான். எத்தனை ஆயிரம் கல்லில் அந்தக் கோணல் குழியைப் பார்த்தவன்! மேலாள் ஓர் அடி முன்னால் வந்தான். சட்டென்று சுபூர் உள்ளங்கையால் குழியை மூடி, கல்லைக் கவிழ்த்துக் கூடையில் வைத்து, தன் தலைமேல் ஏற்றிக்கொண்டான். அஸ்திவாரத்தில் தானே இறங்கி, குழி தரையைப் பார்க்க அதைப் பதித்தான்.

அடுத்த மாதம் ஓர் உத்தரவு வந்தது. இனி யாரும் கல்லில் விரல் வைக்கக்கூடாதாம். நான் திட்டாத திட்டு இல்லை. கையைக் காப்பாற்றிவிட்டு விரலைப் பிடுங்கிக்கொண்டான் பாவி! நான் ரொட்டி தட்டி வைத்தால், இவர் சுடுவதற்கு முன்னால் வந்து ஒவ்வொன்றிலும் ஓர் அழுத்து அழுத்திவிட்டுப் போவார். எங்கள் வீட்டு ரொட்டியெல்லாம் குழி விழுந்த ரொட்டி.

பதினேழு வருஷம் கழித்து இவர் நெஞ்சுச் சளியில் படுத்தார். ஒரு மத்தியானம் வாசலில் நிழல் தட்டியது. தலையெல்லாம் நரைத்து, தனியாக, சுபூர் நின்றான். ஈட்டிக்காரர்களைத் தெருமுனையிலேயே நிறுத்தியிருந்தான். பாயில் உட்கார்ந்து இவர் கையை எடுத்து, அந்த விரலைத் தடவினான்.

"அண்ணே, என் கல்லு என்ன ஆச்சு?"

"உடைஞ்சுபோச்சுடா. ரெண்டா."

அவன் தலை தொங்கிப்போனது. "அப்ப தேவி என்னை வேண்டாம்னுதான் சொன்னாளா? அதை நினைச்சு நினைச்சுத்தாண்ணே பயந்தேன். உன் விரலை எந்தச் சுவத்துல பாத்தாலும் அந்தப் பயம் வந்துச்சு. அதான் விரலே வேண்டாம்னு சொல்லிட்டேன்."

"மடையா! தேவி ஒண்ணும் சொல்லல. தேனு அதிகம்."

சுபூர் வாய்விட்டுச் சிரித்தான். சிரிப்பு அப்படியே அழுகையாகிவிட்டது. "ஊத்தும்போதே சொல்லியிருக்கலாமேண்ணே. பழைய மாதிரி கழுதைன்னு ரெண்டு திட்டு திட்டியிருக்கலாமே."

"சுத்தி ஈட்டியோட நின்னானுங்க. உன்னை எப்படிடா திட்டுறது?"

அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அந்தத் துண்டெல்லாம் எங்க?" என்றான்.

நான் அடுப்பிலிருந்த பானையை இறக்கினேன். பதினேழு வருஷத் தீயில் வெந்து, கறுத்து, இரும்பாக இறுகியிருந்தன இரண்டும். அவன் அருகே போய்க் குந்தி, இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அண்ணி, மீன் இருக்கா?"

"பசிக்குதா?"

"இல்ல, சும்மா கேட்டேன்."

சுட்டுப் போட்டேன். மூன்று மீன் தின்றான். போகும்போது வாசலில் நின்று, "அந்தக் கல்லு பத்திரம் அண்ணி" என்றான். கெஞ்சுகிற குரல்.

பத்து நாளில் இவர் போய்விட்டார். அடுத்த வருஷம் ஆற்றில் வெள்ளம் வருவதற்குள் சுபூரும் போனான். இப்போது அவன் மகன் ஆள்கிறான், சபையை யாரும் கூட்டவில்லை, அறுவடை என்ற பேச்சும் இல்லை. நல்ல பையன்தான், ஆனால் என் வீடு எது என்று அவனுக்குத் தெரியாது. அடுப்பு பத்திரமாக இருக்கிறது. இன்றைக்கும் அதன்மேல்தான் கஞ்சி வைத்தேன். ரொட்டியில் குழி போடத்தான் ஆள் இல்லை. நானே போட்டுப் பார்த்தேன், என் விரல் நேராக இருக்கிறது.