குச்சி ஐஸ் கடையைக் காலி பண்ணுவோம்

யாராவது அந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டால் போதும், வாண்டா க்ரூபா பெட்டிக்குள் கையை விட்டு ஓர் ஆரஞ்சு ஐஸை எடுத்து நீட்டிவிடுவார். காசு வாங்க மாட்டார். எனக்குப் பால்பல் விழுந்த காலத்திலிருந்து பார்க்கிறேன்.

"வாங்கப்பா, இந்தக் குச்சி ஐஸ் கடையைக் காலி பண்ணுவோம்!" எங்கள் ஒஹாயோவில் கல்யாண விருந்தானாலும் பல் டாக்டர் வாசலானாலும், கிளம்ப நினைப்பவர் விளையாட்டாகச் சொல்வது இதுதான். ஏரிக்கரையில் நிஜமாகவே குச்சி ஐஸ் கடை வைத்திருக்கும் அந்த அம்மாவுக்கு அது நாடே செய்யும் விளம்பரம். "பேங்க் பேரையா சொல்றாங்க? என் கடையத்தான சொல்றாங்க கண்ணு!" என்பார். ஜூலை வெயிலிலும் ஐஸ் எடுக்கும் கையில் கம்பளி உறை இருக்கும்.

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். சொற்களின் வரலாறு படித்தேன். அதனால் என்ன பயன் என்று அப்பாவுக்கு இன்னும் விளங்கவில்லை. சில நாள் எனக்கும்தான். விடுமுறையில் வந்தபோது, ஒருவருக்காவது பயன்படட்டுமே என்று வாண்டாவிடம் விளக்கினேன்.

"முதல்ல 'இந்த இடத்தைக் காலி பண்ணுவோம்'னுதான் இருந்துச்சு. அப்புறம் கேலிக்கு, இருக்கிறதிலயே அற்பமான இடமாப் பார்த்துச் சேர்த்துக்கிட்டாங்க."

"அற்பமான இடமா?"

"மொழி அப்படித்தான் வளருது..."

"வாயை மூடு கண்ணு. இத்தனை வருஷமா, திட்டினவனுக்கெல்லாம் ஓசி ஐஸ் குடுத்திருக்கேனா?"

அந்த நேரம் பார்த்து எல்மர் வந்தார். கண்ணாடித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தினமும் அந்த வாக்கியத்தைச் சொல்லி, ஐஸை வாங்கிக்கொண்டு, எங்கும் போகாமல் எதிர் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார். அன்றும் சொன்னார், கையை நீட்டினார். வாண்டா பெட்டியை மூடினார்.

"எல்மர், என் கடை அற்பமா?"

"எவன் சொன்னான்? சிகாகோவுலகூட இப்படி ஒரு கடை கிடையாது."

"ஐஸ்காரிக்கே ஐஸ் வைக்கிறியா? காலி பண்றேன்னு சொன்னில்ல, போ."

"எங்க போக? இதை விட்டா எனக்கு வேற இடம் ஏது, வாண்டா?"

வாண்டா பெட்டியைத் திறக்கவில்லை. கோடை முழுக்க எல்மர் வந்தார், சொன்னார், வெறுங்கையோடு உட்கார்ந்தார். "எனக்கு ஐஸ் பாக்கி இருக்கு" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் முறையிட்டார்.

செப்டம்பரில் கூட்டம் ஓய்ந்ததும் வாண்டா கடையைப் பூட்டினார். பெஞ்சின் முன்னால் வந்து நின்றார்.

"எழுந்திருய்யா. இந்தக் குச்சி ஐஸ் கடையைக் காலி பண்ணுவோம்."

அவர் வாயிலிருந்து அந்த வாக்கியத்தை நான் அதுவரை கேட்டதில்லை. எல்மர் பழக்கதோஷத்தில் கையை நீட்டினார். வாண்டா கம்பளி உறையைக் கழற்றிவிட்டு, அந்த உள்ளங்கையில் பளீரென்று ஓர் அடி வைத்தார்.

ஐஸ் இன்னும் பாக்கிதான். அடித்த கையை மட்டும் அவர் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.